புதுப்பிப்பு: வர்க்கமூலம் ஒன்று கூடுதலாக வந்த சிக்கல் தீர்ந்தது

10^18 வரையிலான எண்ணுக்கு முழு எண் வர்க்கமூலம் (தசமப் பகுதியை விட்ட மூலம்) காணும் சி பிளஸ் பிளஸ் நிரல், பெரிய சோதனைகளில் மட்டும் தவறுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

காரணம் டபுள்தான், அதாவது தசம எண்களை வைக்கும் வகை. அதன் துல்லியம் 53 பிட்தான், 18 இலக்கத்தை முழுதாகத் தாங்காது. 999999999999999999 கொடுத்தால், மூலம் எடுக்கும் முன்பே அது 10^18 ஆகிவிடுகிறது. 999999999 வர வேண்டிய இடத்தில் 1000000000.

லாங் டபுளுக்கு (பொதுவாக டபுளைவிடத் துல்லியம் கூடிய வகை) மாறச் சொன்னது சோதனைத் தளத்தில் வேலை செய்தது, என் விண்டோஸ் கணினியில் இல்லை. அங்கே நான் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கம்பைலரான விஷுவல் சி பிளஸ் பிளஸில் டபுளும் லாங் டபுளும் ஒரே அளவாம், இதை எதிர்பார்க்கவில்லை.

கைகொடுத்தது இன்னொருவரின் யோசனை: வந்த விடை r-ஐ லாங் லாங்கில் (64 பிட் முழு எண் வகை) வைத்து, r*r கொடுத்த எண்ணைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒன்று குறை, (r+1)*(r+1) எண்ணைத் தாண்டாதவரை ஒன்று கூட்டு. அப்புறம் எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. பைத்தான்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, 3.8 முதல் மேத் தொகுதியிலேயே இதற்குத் தனிச் செயற்கூறு இருக்கிறது.