எம்.ஆர்.ஐ.யில் "தேய்மானம்" என்று வந்திருக்கிறது, ஃப்யூஷன் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

வெள்ளிமீன்:

வணக்கம். எனக்கு வயது 47. நாள் முழுக்கக் கணினி முன் உட்காரும் வேலை. ஐந்து மாதமாக இடுப்பு வலி. காலையில் வாய் கொப்பளிக்கக் குனிந்தால் அப்படியே பிடித்துக்கொள்கிறது, ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தால் உடம்பு நேராவதற்குப் பத்து அடி நடக்க வேண்டும். படுத்துவிட்டால் குறைகிறது.

எம்.ஆர்.ஐ எடுத்தோம். முதுகெலும்பின் அடியில் இடுப்புப் பக்கம் இருக்கும் எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டு இடத்திலும் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) நீர் வற்றிப் பிதுங்கியிருக்கிறது, தண்டுவட உறையை லேசாக அழுத்துகிறது, பின்பக்கச் சிறு மூட்டுகளிலும் தேய்மானம் என்று ரிப்போர்ட். அதை எடுத்துக்கொண்டு ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்புகளை இணைத்துவிடலாம், அதுதான் ஃப்யூஷன், தள்ளிப்போட்டால் கால் விளங்காமல் போகலாம் என்றார்.

அன்றிலிருந்து வலியைவிடப் பயம்தான் அதிகம். தரையில் விழுந்த சாவியை எடுக்கக்கூட மகனைக் கூப்பிடுகிறேன். தூங்கும்போது மட்டும்தான் இடுப்பு பெல்ட்டைக் கழற்றுகிறேன். தேய்ந்தது தேய்ந்ததுதானா? ஆபரேஷன் ஒன்றுதான் வழியா? அனுபவப்பட்டவர்களும் துறையில் இருப்பவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.

நடைவண்டி:

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட், 16 வருடமாக இதே வேலை. எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள்: மலம், சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றியும் உள் தொடையிலும் மரத்துப் போயிருக்கிறதா, சிறுநீர் வராமல் அடைக்கிறதா அல்லது தெரியாமலே போகிறதா, கால்கள் நாளுக்கு நாள் பலம் இழக்கின்றனவா? இதில் எது இருந்தாலும் இங்கே பதில் எதிர்பார்த்துக் காத்திருக்காமல் இன்றே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தது, கீழே விழுந்து அடிபட்டது, இவை இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் கொஞ்சம் மூச்சு விடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதைப் படித்து நான் பயப்படவில்லை, ஏன் என்று சொல்கிறேன். 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். வலி இல்லாதவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். பிதுக்கம் 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு. அதாவது உங்கள் வயதில் எந்த வலியும் இல்லாமல் நடமாடும் பத்துப் பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இதே வார்த்தைகள்தான் வரும். தலை நரைப்பது மாதிரி டிஸ்க்கும் நீர் வற்றும். வலிக்கு அதுதான் காரணம் என்று படத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து ஸ்கேன் மையங்களில் எம்.ஆர்.ஐ எடுக்க வைத்த ஆய்வு 2017இல் வெளியானது. அதே முதுகு, அதே நபர். பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன, பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்துக் கண்டதோடு அது ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு. உங்களைப் படுக்கவே வைக்காமல் ஆபரேஷன் என்று சொன்னது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இடுப்புத் தேய்மானம் என்று ஒரே பெயரில் வருவதில் குறைந்தது மூன்று கதைகள் உண்டு. வலி இடுப்போடு, மிஞ்சிப்போனால் புட்டம் வரை நிற்பது ஒன்று. முழங்காலைத் தாண்டி ஒரு கோடு போட்ட மாதிரி பாதம் வரை சுளீர் என்று இறங்குவது இன்னொன்று, அங்கே ஒரு நரம்பு வேர் மாட்டியிருக்கலாம். நடந்தாலோ நின்றாலோ இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தால் சரியாகிவிடுவது மூன்றாவது, அது தண்டுவடப் பாதை குறுகுவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் முதல் வகை போலத் தெரிகிறது, ஆனால் நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து முறை நுனிக்காலில் எழும்புங்கள், இரண்டு காலும் ஒரே மாதிரி எழும்புகிறதா? குதிகாலில் நான்கு அடி நடக்க முடிகிறதா? கால் பெருவிரலை மேலே தூக்கி, வேறு யாரையாவது விரலால் கீழே அழுத்தச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு எதிர்க்கிறதா? நுனிக்கால் எஸ்1 நரம்பின் வேலை, பெருவிரல் எல்5. அப்புறம், மரத்துப் போன இடம் எங்காவது உண்டா?

முதல் வகைக்கு ஃப்யூஷன் பற்றி. 2003இல் நார்வேயில், உங்களைப் போலவே எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டிலோ ஒன்றிலோ டிஸ்க் தேய்ந்து நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 64 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்க்ரூ வைத்து ஃப்யூஷன். இன்னொரு குழுவுக்கு, சாதாரணமாகக் குனிந்து நிமிர்வதால் டிஸ்க் கெட்டுப்போகாது என்று விளக்கி, பயப்படாமல் முதுகைப் பயன்படுத்தச் சொல்லி, மூன்று வாரம் தினம் மூன்று வேளை உடற்பயிற்சி. ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தன. 2005இல் பிரிட்டனில் 349 பேரிடம் செய்த பெரிய ஆய்விலும் தீவிரமான மறுவாழ்வுப் பயிற்சியைவிட ஃப்யூஷன் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. ஸ்வீடனில் 2001இல் வந்த ஆய்வில் ஃப்யூஷன் நன்றாக வந்தது உண்மை, ஆனால் அங்கே அது எதிர்கொண்டது வழக்கமான, பொதுவான பிசியோதெரபியை. ஏனோதானோ என்று கொடுக்கும் பயிற்சியைத் தோற்கடிப்பது கஷ்டமில்லை.

கடலோடி:

அக்கா, நடைவண்டி அண்ணன் சொன்ன இரண்டாவது கதை என்னுடையது. எனக்கு 36 வயது. ஆபரேஷன் என்றாலே தப்பு என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு இடுப்பில் வலி கொஞ்சம்தான். இடது புட்டத்தில் ஆரம்பித்துப் பின்தொடை, கெண்டைக்கால், சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி. தும்மினால் காலில் அடிக்கும். டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார், பாதி உயரம்கூடப் போகவில்லை, கத்திவிட்டேன். வலது காலில் சாதாரணமாக நுனிக்காலில் எழும்பினேன், இடது காலில் ஒரு முறைகூட முடியவில்லை. குதிகால் தசைநாரைச் சுத்தியலால் தட்டினால் இடது பாதம் அசையவே இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க் இடது பக்கம் வெளியே வந்து எஸ்1 வேரை அழுத்தியிருந்தது. கேட்டது, தொட்டுப் பார்த்தது, படம், மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின.

அப்படி இருந்தும் அவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. வெளியே வந்த துண்டை உடம்பே அந்நியப் பொருளாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், முழுசாக வெளியே வந்த பெரிய துண்டுகள்தான் சிறிய பிதுக்கத்தைவிட அதிகம் கரையும் என்றார். எனக்கு அப்போது நம்பவே முடியவில்லை. பலம் இன்னும் குறைகிறதா என்று வாரா வாரம் வரச் சொன்னார், குறைந்தால் காத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பத்து வாரம் பார்த்தோம். வலி தூங்க விடவில்லை, நானே ஆபரேஷன் கேட்டேன். பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தார்கள், ஸ்க்ரூ எதுவும் கிடையாது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கால் வலி இல்லை, அழுதுவிட்டேன். இடுப்பில் அந்தப் பழைய பிடிப்பு இன்றும் அவ்வப்போது வரும், அது போகாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

பிறகு தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் 2007இல் 283 சயாட்டிகா (என்னைப் போல நரம்பு அழுந்திக் காலில் இறங்கும் வலி) நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, சீக்கிரம் ஆபரேஷன் ஒரு பக்கம், காத்திருந்து பார்ப்பது ஒரு பக்கம். ஆபரேஷன் செய்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்குக் கால் வலி இருக்கிறதா அக்கா? அதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

முன்வாசல்:

மூன்றாவது கதை என் அப்பாவுடையது, சுருக்கமாக. அவருக்கு 71. இருநூறு மீட்டர் நடந்தால் கால் இரண்டும் ஈயம் மாதிரி கனக்கிறது என்பார், எங்கேயாவது உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், சைக்கிளும் ஓட்டுவார். முதலில் பாதத்தில் நாடி பார்த்து, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு இல்லை என்று உறுதி செய்தார்கள். அடைப்பாக இருந்தால் சும்மா நின்றாலே வலி விடுமாம், அப்பாவுக்கு உட்கார்ந்தால்தான் விடும்.

முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று கேட்டபோது டாக்டர் நேர்மையாகச் சொன்னார், 2014இல் 400 பேரிடம் செய்த ஆய்வில் மரப்பு ஊசி மட்டும் போட்டவர்களுக்கும் அதனுடன் ஸ்டீராய்டும் போட்டவர்களுக்கும் பெரிதாக வித்தியாசமில்லை என்று. ஒன்றரை வருடம் பயிற்சியோடு ஓட்டினோம், பிறகு பாதையை அகலப்படுத்தும் ஆபரேஷன் மட்டும். ஃப்யூஷனும் சேர்த்துச் செய்யச் சொன்ன இன்னொரு மருத்துவரிடம் நாங்கள் போகவில்லை. ஸ்வீடனில் 2016இல் 247 பேரிடம் பார்த்ததில், கூடவே ஃப்யூஷன் செய்ததால் இரண்டு வருடத்தில் கூடுதல் பலன் இல்லை. இப்போது அப்பா காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார்.

வெள்ளிமீன்:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னபடி செய்து பார்த்தேன். நுனிக்கால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை முடிந்தது. குதிகால் நடை சரி. பெருவிரலை என் மகன் அழுத்திப் பார்த்தான், இரண்டும் ஒரே மாதிரி என்கிறான். மரப்பு எங்கும் இல்லை, சிறுநீர் பிரச்சினை இல்லை. வலி வலது புட்டத்தோடு நின்றுவிடுகிறது, முழங்காலுக்குக் கீழே போனதே இல்லை.

பெல்ட்டை என்ன செய்வது? பிரீகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், தலை சுற்றுகிறது, வலியில் மாற்றம் இல்லை.

நடைவண்டி:

நல்ல செய்தி சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நரம்பு அழுத்தத்துக்கான அடையாளம் தெரியவில்லை. அப்படியானால் "கால் விளங்காமல் போகும்" என்பதற்கு ஆதாரம் எங்கே என்றுதான் நான் கேட்பேன். ஆனாலும் ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து இதை உறுதி செய்யட்டும்.

மாத்திரையை நீங்களாகப் பட்டென்று நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் தலைசுற்றலைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கக் கேளுங்கள். 2017இல் வந்த ஆய்வில் சயாட்டிகா நோயாளிகளிடமே பிரீகாபாலின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. உங்களுக்குச் சயாட்டிகாவே இல்லை.

பெல்ட் வேண்டாம், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பும் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரேயடியாக விடப் பயமாக இருந்தால் வீட்டில் இருக்கும் நேரத்தில் முதலில் கழற்றுங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் 2024இல் வெளியான ஆய்வில், முதுகுவலி வந்து தேறிய 701 பேரில் நடைப் பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவு வலி திரும்ப வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். நீங்கள் இன்னும் தேறவில்லை, அதனால் அந்தக் கணக்கு அப்படியே உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் நடை உங்களுக்குக் கெடுதல் செய்யாது.

கூடவே குனியப் பழகுங்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கையை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வழுக்கி இறக்கி மெதுவாக நிமிருங்கள், ஐந்து முறை, காலையிலும் மாலையிலும். லேசாக இழுக்கும், அன்று இரவுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரியான அளவில் செய்கிறீர்கள். மறுநாளும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் கழித்து நின்றபடி செய்து பாருங்கள். சாவி கீழே விழுந்தால் மகனைக் கூப்பிட வேண்டாம்.