‘அமுச்சி வீடு’ குழு: கவினுக்கு எந்த இடம்?

சனி, டெக்ஸஸ்ல காலை 7:40

ரம்யா: எல்லாரும் முழிச்சிருக்கீங்களா? வடக்கத்திக் காலேஜ்ல இருந்து நேத்து ராத்திரி ஃபோன். கவினை அவங்க அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல ஆஃபென்சிவ் டேக்கிளாத்தான் எடுப்பாங்களாம். திங்கக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம், இல்லைன்னா வேற பையனுக்குப் போயிரும்

ரம்யா: லூசியானா காலேஜ் டிஃபென்சிவ் எண்டுங்குது. இங்க பக்கத்துல இருக்கறது டைட் எண்டுங்குது. ஒரே பையன், மூணு பேரு மூணு சொல்றாங்க

மல்லிகா: இதுல எது ஒசத்தி

செந்தில்: ஒசத்தி தாழ்த்தி இல்லக்கா. பந்தை வீசறவன் குவார்ட்டர்பேக். அவனை யாரும் சாய்க்காம லைன் ஓரத்துல நின்னு தடுக்கறவன் டேக்கிள். அந்த டேக்கிளைத் தாண்டிப் போய்ச் சாய்க்கப் பாக்கற எதிராளி டிஃபென்சிவ் எண்ட். டைட் எண்ட் தடுக்கவும் செய்வான், பந்தும் புடிப்பான். உடம்புக்கு எது பொருந்துதுன்னுதான் பாக்கணும். இருங்க எழுதறேன்

பழனிசாமி: கார்த்தி கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வந்திருக்கு. எல்லாரும் அவங்கவங்க பேரைச் சரி பாத்துச் சொல்லுங்க. இன்னைக்குள்ள அச்சுக்குப் போகோணும்

பழனிசாமி: [படம்]

செந்தில்: கவின் 6 அடி 5 இஞ்ச், 248 பவுண்டு. இந்த அளவுல இருக்கற பையன் மூணு இடத்துக்கும் நடுவுலதான் நிப்பான். டைட் எண்டா இப்பவே ஆடலாம். டிஃபென்சிவ் எண்டுக்கு உயரமும் எடையும் சரி. டேக்கிளுக்கு 40, 50 பவுண்டு கம்மி. ஆனா எடையை வெச்சு முடிவு பண்ணக் கூடாது, எடையை ஏத்திக்கலாம். மாத்த முடியாதது கை நீளம். மாத்தறதுக்குக் கஷ்டமானது முதல் எட்டு வேகம். அந்த ரெண்டையும் பாத்துட்டுத்தான் மத்தது. போன மாச கேம்ப்ல எடுத்த நம்பர் எல்லாம் போடுக்கா

ரம்யா: 40 யார்டு 4.95 செகண்ட். முதல் 10 யார்டு 1.74. த்ரீ கோன், அந்த மூணு கோனைச் சுத்தித் திரும்பித் திரும்பி ஓடறது, 7.6. கை 35 இஞ்ச்னு ஸ்கூல் ஷீட்ல இருக்கு

நந்தினி: 35ஆ? யாரு எடுத்தா சித்தி

ரம்யா: ஸ்கூல்லதான்

நந்தினி: நம்பாதீங்க. ஸ்கூல் ஷீட்ல உயரம், கை ரெண்டுமே ஒரு இஞ்ச் கூடத்தான் இருக்கும். மறுபடி எடுக்கணும்

செந்தில்: டைம் எல்லாம் லேசரா, ஸ்டாப்வாட்ச்சா?

ரம்யா: லேசர்

செந்தில்: சரி. அப்ப டிஃபென்சிவ் எண்ட் எனக்கு இப்பவே சந்தேகம். அந்த இடத்துல ஆடறவன் பந்து அசைஞ்ச மறு நொடி எதிராளியோட தோளைத் தாண்டியிருக்கணும். பெரிய காலேஜ்ல நல்ல டிஃபென்சிவ் எண்ட் பசங்க முதல் 10 யார்டை 1.6ல, 1.65க்குள்ள ஓடுவாங்க. த்ரீ கோன் 7.2க்குப் பக்கத்துல இருக்கும். இவன் 1.74, 7.6. அங்க இது சுமார். இதே நம்பரை ஒரு டேக்கிள் வெச்சிருந்தா கோச்சுங்க வீட்டு வாசல்லயே வந்து நிப்பாங்க. ஆள் மாறலை, நம்பர் மாறலை, யாரோட ஒப்பிடறோம்ங்கறதுதான் மாறுது

ரம்யா: இதை அவர்கிட்ட நீயே சொல்லு. அவரு குவார்ட்டர்பேக்கை இவன் சாய்க்கறதை மட்டும்தான் வீடியோல பாக்கறாரு. ஜேஜே வாட், ஜேஜே வாட்ங்கறாரு

செந்தில்: மாப்பிள்ளை சொல்றது தப்பில்ல. வாட் சென்ட்ரல் மிச்சிகன் காலேஜ்ல டைட் எண்டா இருந்து, விஸ்கான்சின் காலேஜ் போய் டிஃபென்சிவ் எண்ட் ஆனவரு. 2011 டிராஃப்ட்ல, அதாவது ப்ரோ டீமுங்க காலேஜ் பசங்களை வரிசையா எடுக்கறதுல, டெக்ஸன்ஸ் டீம் 11வதா எடுத்தாங்க, 3 தடவை வருஷத்தோட சிறந்த டிஃபென்ஸ் வீரர். ஆனா அவரோட முதல் எட்டு வேற. இவனுக்குப் பக்கமான உதாரணம் ஜேசன் பீட்டர்ஸ். ஆர்கன்சால டைட் எண்ட். 2004ல யாரும் டிராஃப்ட்ல எடுக்கலை. பஃபலோ டீம் கூப்பிட்டு டேக்கிளா மாத்துச்சு, சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு 9 தடவை தேர்வானாரு. ஜோ ஸ்டேலி, நேட் சோல்டர் ரெண்டு பேரும் காலேஜ்ல டைட் எண்டா நுழைஞ்சு டிராஃப்ட்ல முதல் ரவுண்டு டேக்கிளா வெளிய வந்தவங்க. லேன் ஜான்சன் நம்ம டெக்ஸஸ் பையன், ஹைஸ்கூல்ல குவார்ட்டர்பேக்! ஓக்லஹோமால டைட் எண்ட், டிஃபென்சிவ் எண்ட், கடைசில டேக்கிள். 2013ல 4வது ஆளா எடுத்தாங்க

மல்லிகா: செந்திலு, பத்திரிகையப் பாத்தியா

செந்தில்: பாக்கறேங்க்கா

ரம்யா: மாமா, பத்திரிகைல அவரு பேரு இல்லையே

ரம்யா: என் பேரு மட்டும் இருக்கு

பழனிசாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மல்லிகா: அச்சுக்காரன் விட்டுட்டான் கண்ணு. சேத்தச் சொல்லியாச்சு

ரம்யா: 19 வருஷமா அச்சுக்காரனேதான் விட்டுட்டு இருக்கான்

நந்தினி: அம்மா நீங்க ஃபோனை வைங்க. சித்தி, கவின் வீட்ல இருக்கானா? தச்சுக்கறவங்க வெச்சிருக்கற டேப் எடுத்துக்கச் சொல்லுங்க. கையை நேரா கீழ தொங்கவிடணும், முழங்கை மடங்கக் கூடாது. தோள் மேல ஒரு எலும்பு முனை தட்டுப்படும், அங்க ஆரம்பிச்சு நடுவிரல் நுனி வரைக்கும். கழுத்தோரத்துல இருந்து எடுத்தா 2 இஞ்ச் சேந்து வரும். ரெண்டு கையும் எடுங்க

நந்தினி: அப்புறம் சுவத்து முன்னாடி வெறுங்கால்ல ஒரு காலை முன்ன வெச்சு நிக்கச் சொல்லுங்க. குதிகால் தூக்காம முட்டி சுவத்துல தொடணும். தொட்டா காலைக் கொஞ்சம் கொஞ்சமா பின்னால இழுத்துக்கிட்டே போங்க. குதிகால் எழும்பறதுக்கு முந்தி பெருவிரலுக்கும் சுவத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு பாருங்க. ரெண்டு காலும்

மல்லிகா: இது எதுக்கு நந்து

நந்தினி: டேக்கிள் பின்பக்கமா நகந்துக்கிட்டே சண்டை போடணும்மா. கணுக்கால் மடங்கலைன்னா இடுப்பு எறங்காது. இடுப்பு எறங்கலைன்னா முதுகை வளைச்சு முன்னால சாய்வான். சாஞ்சவனை எதிராளி கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவான்

அமுச்சி: [குரல் செய்தி 0:38]

ரம்யா: அம்மா கேக்கறாங்க, மண்டைல அடி படாத எடம் எதுன்னு. அதுல போடச் சொல்றாங்க

செந்தில்: டேக்கிள்ல ஓடி வந்து மோதறது கம்மிம்மா, பயப்படாதீங்க

நந்தினி: மாமா, அப்படிச் சொல்லாதீங்க. லைன்ல நிக்கறவங்களுக்குப் பெரிய மோதல் கம்மி, ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் சின்னச் சின்ன மோதல் தலைல வாங்கறாங்க. மயக்கம் வராத அந்த அடிங்கதான் வருஷக்கணக்குல சேருது. டைட் எண்டுக்கு எண்ணிக்கை கம்மி, ஆனா பந்து புடிக்கறப்ப முழு வேகத்துல வந்து அடிப்பாங்க. அடி படாத எடம்னு ஒண்ணு இல்லை அமுச்சி. வாரத்துக்கு எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி, தலைல பட்டா யாரு முடிவெடுத்து உக்கார வெப்பாங்கன்னு ஒவ்வொரு காலேஜையும் கேக்கணும்

ரம்யா: ம்

அமுச்சி: [குரல் செய்தி 0:12]

காலை 9:15

கவின்: ரைட் 33 3/4. லெஃப்ட் 33 1/2. வால் டெஸ்ட் ரைட் 11. லெஃப்ட் 6

நந்தினி: குட் டா. லெஃப்ட்லதான் போன வருஷம் சுளுக்குச்சா

கவின்: ஆமா அக்கா

நந்தினி: 6 பத்தாது, 10ஆவது வேணும். சரி பண்ணிரலாம், ஆனா ரெண்டு மூணு மாசம் தினமும் செய்யணும். இடது டேக்கிள்னா இடது கால்தான் பின்னால போகும், அந்தக் கணுக்காலே எறுகியிருந்தா அங்க நிக்கறது கஷ்டம். வலது பக்கம்னா இப்போதைக்குத் தேவலாம்

செந்தில்: கை 33க்கு மேல இருக்கு, அது போதும். 33க்குக் கீழன்னா டேக்கிள்ங்கற பேச்சையே விட்டுட்டு டேக்கிளுக்கு உள்பக்கம் நிக்கற கார்டா போடப் பாப்பாங்க. கை குட்டையா இருந்தா எதிராளி முதல்ல நெஞ்சுல கை வெச்சுருவான், அப்புறம் தள்ளிக்கிட்டே போக வேண்டியதுதான். 35 இருந்திருந்தா இன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பேன். 33¾க்குக் காலும் கையும் சுத்தமா வேலை செய்யணும்

பழனிசாமி: ஆவணிக் கல்யாணத்துக்குக் கவின் வருவானா மாட்டானா. டிக்கெட் போடறதுக்குக் கேக்கறேன்

ரம்யா: ஆகஸ்ட்ல பயிற்சி ஆரம்பிச்சுரும் மாமா. அப்ப வந்தா சீட்டு போயிரும்

மல்லிகா: மாமன் மவன் ஸ்தானத்துல நிக்க வேண்டியவன்

செந்தில்: அக்கா அதைத் தனியா பேசலாம். இதைக் கேளுங்க. சாப்பாடு. 248ல இருந்து 290. வாரத்துக்கு அரைல இருந்து 1 பவுண்டுக்கு மேல ஏத்தினா வெறும் கொழுப்புதான் சேரும், கால் வேகம் போயிரும். இந்த மாத்தம் பாதில கெடறது பெரும்பாலும் அதனாலதான், 4 மாசத்துல 40 பவுண்டு ஏத்தி வயித்தை வளத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. கவினுக்கு ஒரு வருஷமாவது வேணும். 2018ல வந்த விதிப்படி ஒரு சீசன்ல 4 ஆட்டத்துக்குள்ள ஆடினா காலேஜ்ல ஆட விடற வருஷக் கணக்குல அந்த வருஷம் சேராது. முதல் வருஷம் அப்படி உக்காந்து எடை ஏத்தறதுதான் முறை

நந்தினி: தினமும் இப்ப சாப்பிடறதை விட 500 கலோரி கூட. புரதம் 180ல இருந்து 220 கிராம். முட்டைக்கு 6 கிராம், பால் ஒரு தம்ளர் 8, கோழி 100 கிராம்ல 30

அமுச்சி: [குரல் செய்தி 1:04]

ரம்யா: அரிசிம்பருப்புல நெய் ஊத்தி மூணு வேளை குடுன்னு சொல்றாங்க. ஊர்ல இருந்து கச்சாயம் அனுப்பறாங்களாம்

நந்தினி: அரிசிம்பருப்பு நல்லது அமுச்சி, கூட 4 முட்டை. கச்சாயம் ஞாயித்துக்கிழமை மட்டும்

கவின்: கச்சாயம் ப்ளீஸ்

ரம்யா: டைட் எண்டை அப்படியே விட்டுட்டோமே

செந்தில்: விடலை. அவன் நல்லாத் தடுக்கறான், ஆனா ஓடற வழியைச் சட்டுனு வெட்டித் திரும்பறது வரலை, த்ரீ கோன்ல அது தெரியுது. அப்புறம் எண்ணிக்கையப் பாரு. லைன்ல எப்பவும் 5 பேரு நிக்கறாங்க. டைட் எண்ட் பெரும்பாலும் ஒருத்தன், சில ஆட்டத்துல ரெண்டு. 2025ல இருந்து டீமுக்கு 105 பேருன்னு வரம்பு வந்தப்புறம் சும்மா உக்கார வெக்கறதுக்கு இடமில்லை. ஒண்ணே ஒண்ணு, டேக்கிள்னா 50ல இருந்து 79க்குள்ள நம்பர் போடுவான், பந்து புடிக்க முடியாது. அவனுக்கு அது ஆசைன்னா நாம தள்ளக் கூடாது

ரம்யா: கவின்?

கவின்: நாளைக்கு சொல்றேன்

செந்தில்: நாளைக்குக் காலைல வீடியோ எடுங்க. கேமரா இடுப்பு உயரத்துல, ஒண்ணு பின்னால இருந்து, ஒண்ணு பக்கத்துல இருந்து. வலது பக்கம் 10 தடவை கிக் ஸ்லைடு, இடது பக்கம் 10, ஒவ்வொண்ணும் 5 யார்டு. வெளிக்கால் முதல்ல பின்னால போகணும், உள்கால் தரையை ஒட்டியே வரணும், ரெண்டு காலும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது. அப்புறம் நண்பன் ஒருத்தனை முன்னால நிக்க வெச்சு, அவன் போற பக்கம் இவன் நகரணும். ரொம்ப வெளிய போயிட்டா அவன் உள்ள புகுந்துருவான், அதை எப்படி மீட்கறான்னு பாக்கணும். 7, 8வது தடவைல களைச்சதும் இடுப்பு மேல வருதான்னும் பாக்கணும்

நந்தினி: இடது கணுக்காலுக்கு டேப் சுத்தாம எடுங்க. சுத்தினா உண்மை தெரியாது

பழனிசாமி: ரம்யா, உங்க வீட்டுக்காரரு பேரு எழுத்து எப்படி? அச்சுக்காரன் லைன்ல இருக்கான்

ரம்யா: தனியா அனுப்பறேன் மாமா

ரம்யா: செந்திலு, திங்கக்கிழமைக்கு என்ன பதில் சொல்ல

செந்தில்: புதன் வரைக்கும் டைம் கேளு. வலதா இடதா, எத்தனை எடைல ஆட வெப்பாங்க, எத்தனை மாசத்துல, டேக்கிள் சரிவரலைன்னா கார்டா டைட் எண்டா, இப்ப அங்க எத்தனை டேக்கிள் இருக்காங்க, அதுல யாரு இந்த வருஷத்தோட முடிக்கறாங்க. ஃபோன்ல வேண்டாம், மெயில்ல கேளு

ரம்யா: அவரு இன்னும் டிஃபென்சிவ் எண்ட்தான்ங்கறாரு

செந்தில்: நாளைக்கு 11 மணிக்கு வீடியோ கால் போடறேன், மாப்பிள்ளையும் இருக்கட்டும்

மல்லிகா: 11 மணின்னா இங்க ராத்திரி. அம்மா தூங்கியிருப்பாங்க

நந்தினி: 8 மணி?

ரம்யா: 8க்கு வீடியோ எடுக்கப் போறோம்

செந்தில்: அப்ப 9:30. யாராவது வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க