சோதனை விமானிப் பயிற்சிக்கு வழிகாட்டல் வேண்டும்

விமானப்படையில் பணியாற்றிய, பணியாற்றும் பெரியோர்களுக்கு வணக்கம். நாங்கள் வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைச் சேர்ந்தவர்கள். தரைப்படை பற்றிக் கேட்டால் சொல்ல எங்கள் ஊரில் ஆள் நிறைய உண்டு, ஆனால் இந்தக் கேள்விக்கு இல்லை.

போர்விமானப் பிரிவில் ஃப்ளைட் லெப்டினன்டாக இருக்கும் என் தம்பி, பெங்களூரில் உள்ள விமானப்படை சோதனை விமானிப் பள்ளிக்கு விண்ணப்பிக்க மிகவும் விரும்புகிறான். விமானத்தின் எல்லைகளைப் பறந்து கண்டறிந்து, கண்டதைப் பொறியாளருக்குப் புரியும்படி துல்லியமாக எழுதித் தரவேண்டிய பணி என்பதால், பறக்கும் திறனோடு கணிதமும் காற்றியக்கவியலும் எந்த அளவுக்குத் தேவைப்படும், எந்த நூல்களிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

என் பெரிய கவலை பதவி உயர்வு பற்றியது. விங் கமாண்டர் வரை பணிக்காலத்தைப் பொறுத்து உயர்வு வந்துவிடும். அதற்கு அடுத்த குரூப் கேப்டன் பதவியிலிருந்து தேர்வுக்குழுவின் முடிவே முக்கியம். சோதனைப் பணியில் ஆண்டுகள் செல்லும்போது, முப்படை அதிகாரிகள் உயர்பயிற்சி பெறும் வெலிங்டன் பணியாளர் கல்லூரிக்கும் படைப்பிரிவுத் தலைமைக்கும் உரிய காலம் கைநழுவுமா? மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், சோதனை விமானியாகவும் வெலிங்டனில் பயின்றவராகவும் இருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. இவ்விரு பாதைகளையும் கடந்தவர்கள், எதை முதலில் முடிப்பது நல்லது என்று அருள்கூர்ந்து எழுதுங்கள்.