ஒரே நாளில் காட்டு யானையையும் முகாம் யானையையும் பார்த்துத் திரும்ப முடியுமா? (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இரு மொழியும் பேசும் ஊரில் இருக்கிறோம். என் மகள் தமிழ்வழிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஆண்டுதோறும் கோயில் திருவிழாவில் நெற்றிப்பட்டம் கட்டிய யானைகளைப் பார்த்துத்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். இந்த முறை கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவள், பட்டத்தைப் பார்க்காமல் யானையின் காலிலிருந்த சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதற்கு வீடு எங்கே அம்மா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவளுக்குக் காட்டில் திரியும் யானையையும், தாயை இழந்தோ அடிபட்டோ வனத்துறையின் பராமரிப்பில் இருக்கும் யானையையும் காட்ட விரும்புகிறேன். என் தாயாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலி உண்டு. ஆகவே வெளியூரில் தங்க இயலாது, விடியற்காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். பூஜை விடுமுறையில் போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். யானைச் சவாரியில் எங்களுக்கு விருப்பமில்லை. எங்கே போகலாம், எந்த நேரத்தில் போனால் நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஆனைமலை

சகோதரி, உங்களுக்கு மிக அருகில் இருப்பது டாப்சிலிப்பும் பரம்பிக்குளமும்தான். மீனாட்சிபுரம், அம்பராம்பாளையம், ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை என்று வந்தால் பொள்ளாச்சி நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. சேத்துமடைச் சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். நெகிழிப் பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் சோறும் தண்ணீரும் கொண்டுவருவது நல்லது.

பரம்பிக்குளம் உங்கள் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், பேருந்தோ காரோ அங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டு வனச்சாலை வழியாகத்தான் போக முடியும். டாப்சிலிப்பைத் தாண்டியதும் ஆனைப்பாடியில் கேரள வனத்துறையின் நுழைவாயில் வரும். அங்கிருந்து அவர்களுடைய வண்டியில், வழிகாட்டியுடன் காட்டுக்குள் அழைத்துப்போவார்கள். துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளின் கரைகளும் கன்னிமாரா என்ற மிகப் பழைய பெரிய தேக்கு மரமும் அந்த வழியில்தான் இருக்கின்றன. காட்டுமாடும் புள்ளிமானும் பெரும்பாலும் கண்ணில் படும். யானையைப் பற்றி மட்டும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பராமரிப்பில் உள்ள யானைகளுக்கு, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோழிகமுத்தி முகாம் இருக்கிறது. டாப்சிலிப்பிலிருந்து வனத்துறையின் வண்டியில்தான் போக வேண்டும்; சொந்த வண்டியை அனுமதிப்பதில்லை. என் யோசனை இதுதான்: டாப்சிலிப்புக்கு வந்து சேர்ந்தவுடன் முகாம் வண்டியின் நேரத்தை முதலில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மிஞ்சும் நேரத்தில் பரம்பிக்குளத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அவசரமாகப் பார்க்க முயன்றால் உங்கள் தாயாருக்கு உடம்பு தாங்காது.

பூஜை விடுமுறையை மறுபடி யோசியுங்கள். அக்டோபரில் காடு முழுவதும் பச்சையாக இருக்கும், எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருக்கும், யானைகள் அணைக்கரைக்கு வர வேண்டிய தேவையே இருக்காது. தை பிறந்த பிறகு நீர்மட்டம் இறங்கிக் கரையில் புல் முளைக்கும்போதுதான் கூட்டம் வெளியே வரும். மாசி, பங்குனியில் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் காட்டுத்தீ அச்சத்தால் அந்த மாதங்களில் வாயிலை மூடிவிடுவதும் உண்டு.

பதில் 2: வேட்டைக்காரன்புதூர்

அம்மா, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் காட்டுச் சாலையில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். வழியையும் நேரத்தையும் மேலே உள்ள ஐயா சரியாகச் சொல்லிவிட்டார். முகாமில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முகாமுக்கு வந்த பலர் பத்து நிமிடம் படமெடுத்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

கோழிகமுத்தியில் இருபதுக்கும் மேற்பட்ட யானைகள் இருக்கின்றன. மாவுத்தர்களும் அவர்களுக்குத் துணையாக நிற்கும் காவடிகளும் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். தகப்பனுக்குப் பின் மகன் என்று தலைமுறையாக இந்த வேலையில் இருப்பவர்கள். குளிப்பாட்டும் நேரம் வாய்த்தால் அதை விட்டுவிடாதீர்கள். யானை ஆற்றில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள, மாவுத்தர் காதின் பின்புறத்தையும் நகங்களின் இடுக்கையும் தேய்ப்பார். நமக்குக் குளிப்பாட்டுவதாகத்தான் தெரியும். அவர் அப்போது புண் இருக்கிறதா, முள் தைத்திருக்கிறதா, பாதத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் மகளை நகங்களை எண்ணச் சொல்லுங்கள். பொதுவாக முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நான்கு என்று பதினெட்டு வரும்.

உணவு கொடுக்கும் நேரம் இன்னும் நல்ல காட்சி. கேழ்வரகுக் களியும் கொள்ளும் சோறும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, இரு கைகளாலும் பிடித்த பெரிய கவளங்களாக வைத்திருப்பார்கள். பெயரைச் சொன்னதும் அந்த யானை துதிக்கையை நெற்றிக்கு மேலே தூக்கி வாயைத் திறக்கும். மாவுத்தர் முழங்கை வரை உள்ளே விட்டுக் கவளத்தை வைப்பார். உடம்பு சரியில்லாத யானைக்கு மருந்தும் அந்தக் கவளத்துக்குள்ளேயே போகும். இது மேலுணவுதான். வயிற்றை நிறைப்பது காட்டிலுள்ள புல்லும் மூங்கிலும் மரப்பட்டையும். அதனால்தான் மீதி நேரத்தில் அவற்றைக் காட்டுக்குள் மேயக் கொண்டுபோகிறார்கள்.

கலீம் என்ற யானையைப் பற்றிக் கேளுங்கள். 1972இல் சத்தியமங்கலம் காட்டிலிருந்து குட்டியாகப் பிடித்து வந்த யானை அது. காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் உதவும் கும்கியாகி 99 பணிகளில் பங்கெடுத்து, 2023 மார்ச்சில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையுடன் ஓய்வு பெற்றது. தை மாதத்தில் முகாமில் யானைப் பொங்கல் வைப்பார்கள்; அன்று கூட்டம் நெரியும், உங்கள் தாயாருக்குச் சிரமம், ஆகவே அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

காட்டு யானை எதிர்ப்பட்டால் அதன் காதைப் பாருங்கள். காது ஆடிக்கொண்டிருந்தால் அது தன் பாட்டுக்கு இருக்கிறது. காது விரிந்து அசையாமல் நின்று, வால் விறைத்தால், வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒருமுறை என் வண்டிக்குப் பின்னால் தனிக் காரில் வந்தவர்கள், குட்டியோடு சாலையைக் கடந்த கூட்டத்தைப் பார்த்து ஒலிப்பானை அழுத்தினார்கள். குட்டி மிரண்டு பள்ளத்தில் சறுக்க, தாய் எங்கள் பக்கம் திரும்பியது. அரை மைல் தூரம் பின்னோக்கி ஓட்டினேன். என் வண்டியில் ஆறு குழந்தைகள் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதில் 3: வாளையாறு

மேலே உள்ளவர்கள் சொன்ன அனைத்தும் பயனுள்ளவை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. "மீட்கப்பட்ட யானை" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். முகாம்களில் இருப்பவை எல்லாம் தாயை இழந்து வந்தவை அல்ல. பிடித்து வரப்பட்டவையும், முகாமிலேயே பிறந்தவையும் உண்டு. குழந்தை கேட்டால் இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

சின்னத்தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை தடாகம் பகுதியில் பயிர்களுக்குள் வந்துகொண்டிருந்த ஆண் யானை. 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, டாப்சிலிப்புக்கு அப்பால் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது அங்கே தங்காமல் சில நாட்களிலேயே உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு இறங்கி வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள். இப்போது அது கும்கி. அதேபோல் பாலக்காட்டை அடுத்த நம் தோணிப் பகுதி மக்களை அஞ்ச வைத்த பி.டி. 7 என்ற யானையை 2023 ஜனவரி 22 அன்று பிடித்துக் கூண்டில் ஏற்றியபோது, அதன் உடம்பில் நாட்டுத் துப்பாக்கியின் சிறு குண்டுகள் இருந்தன. ஒரு கண்ணில் பார்வை இல்லை என்பது பிறகு தெரிய வந்தது. பயிரை இழந்த விவசாயியின் வேதனை எனக்குத் தெரியும், நானும் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவன்தான். இருந்தாலும் அந்த யானைக்கு நடந்ததை மீட்பு என்று என்னால் எழுத முடியவில்லை.

எங்கள் ஊர் ரயில் பாதையின் கதை இன்னும் வேதனையானது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதற்குப் பிறகு மதுக்கரைப் பகுதியில் சுரங்கப்பாதைகள் அமைத்தார்கள். 2024இல் யானைகள் பாதையை நெருங்குவதைக் கண்டு எச்சரிக்கும் கேமராக்களையும் நிறுவினார்கள். யானைகள் தண்டவாளத்துக்கு அடியில் கடந்து போகின்றன என்று கேள்விப்படும்போது உண்மையிலேயே மனம் குளிர்கிறது.

பதில் 4: மார்த்தாண்டம்

தாயை இழந்த குட்டிகளைத்தான் குழந்தை பார்க்க வேண்டும் என்றால், நெய்யாற்று நீர்த்தேக்கத்தின் கரையில் கோட்டூருக்கு அருகே காப்புக்காட்டில் கேரள வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்தைச் சொல்வேன். எங்களுக்குப் பக்கம், உங்களுக்கு ஒரு நாளில் இயலாது. குட்டிகளைத் தொடவோ தின்பண்டம் கொடுக்கவோ கேட்காதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 2021இல் அங்கே குட்டிகளை ஹெர்பிஸ் வைரஸ் தாக்கி, ஒன்றரை வயதே ஆன ஸ்ரீகுட்டி இறந்துபோனது. முந்தைய ஆண்டு அந்தக் குட்டியைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

குட்டி தனியாக நின்றால் உடனே முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் வால்பாறைப் பக்கம் பன்னிமேட்டில் கூட்டத்தைப் பிரிந்த குட்டியை, வனத்துறையினர் டிரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தைத் தேடித் தாயிடமே சேர்த்தார்கள். பிறகு தாயின் மேல் சாய்ந்து குட்டி தூங்கும் படம் வந்ததே, அதை உங்கள் மகளுக்குப் புறப்படும் முன்பே காட்டுங்கள்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் நன்றி. பூஜை விடுமுறையை விட்டுவிட்டு, பொங்கல் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை போய் வந்தோம். காலையில் பரம்பிக்குளம் வண்டியில் ஏறினோம். பெருவாரிப்பள்ளத்தின் அக்கரையில் மரநிழலை ஒட்டி ஏழு யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மிகத் தொலைவு, கருங்கற்கள் நகர்வது போலத்தான் தெரிந்தது. வழிகாட்டி சுட்டிக்காட்டிய பிறகுதான் நடுவில் ஒரு குட்டி இருப்பது புரிந்தது. என் தாயார், சிறு வயதில் பயம் தெளிய வேண்டும் என்று தன்னைக் கோயில் யானையின் வயிற்றுக்கு அடியில் நுழைய வைத்ததைச் சொல்லிவிட்டு, அந்தக் கூட்டம் மரங்களுக்குள் மறையும் வரை பேசவே இல்லை.

மாலையில் முகாமுக்குப் போனோம். குளிப்பாட்டும் நேரம் முடிந்துவிட்டது, கவளம் கொடுப்பதை மட்டும் பார்த்தோம். வாளையாற்று ஐயா சொன்னதை மனத்தில் வைத்து, ஒவ்வொரு யானையும் எப்படி இங்கே வந்தது என்று மகளே கேட்டாள். ஒரு மாவுத்தர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். நகங்களை எண்ணத் தொடங்கியவள், ஒரு பெண் யானையின் பின்காலில் சேறு காய்ந்திருந்ததால் மூன்றுக்கு மேல் எண்ண முடியாமல் நின்றாள். அதைப் பார்த்த அந்த மாவுத்தர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, கையால் சேற்றைத் துடைத்துவிட்டு, "இப்போது எண்ணு பாப்பா" என்றார். நான்கு இருந்தன.