பழைய சேர்லிஃப்ட்: மாற்றுவதா, புதுப்பிப்பதா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் நாங்கள் குடும்பத்தோடு போகும் சிறிய பனிச்சறுக்கு மலை, பெரிய நிறுவனம் எதற்கும் சொந்தமில்லாதது. அதன் சேர்லிஃப்ட் (வடத்தில் தொங்கும் இருக்கைகளில் ஆட்களை மலைமேல் ஏற்றும் அமைப்பு) அடிக்கடி நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம் என்று பார்க்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள்.

நிலையத்தில் இருக்கைகள் வடத்திலிருந்து கழன்றுகொள்ளும் புது வகை லிஃப்ட், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும். எங்களுடையது அதில் பாதிதான். ஆனால் அந்தப் புது வகையின் விலையும் பராமரிப்பும் எங்களுக்குத் தாங்காது. அப்புறம், எல்லாரையும் சீக்கிரம் மேலே ஏற்றினால் சரிவில் நெரிசல்தான் கூடும். இதே மாநிலத்தில் உறுப்பினர்களே நடத்தும் மேட் ரிவர் கிளென் என்ற பனிச்சறுக்கு மலை, 1948-இல் அமைத்த ஒற்றை இருக்கை லிஃப்டை 2007-இல் புதுப்பித்தது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கிறது.

ரோப்கார் வேலை தெரிந்த பொறியாளர்கள் இருக்கிறீர்களா? கோபுரங்களை வைத்துக்கொண்டு மோட்டார், கியர்பாக்ஸ், வடம் மட்டும் மாற்றலாமா? முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? தயவுசெய்து சொல்லுங்கள்.