டேலி சர்வரின் 3389 போர்ட்: எண்ணை மாற்றினால் போதுமா?

பனியன்நகர்: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐடி வேலை. டேலி ஓடுவது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில். ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்க்க வசதியாக, எனக்கு முன் இருந்தவர் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து (போர்ட் ஃபார்வர்டிங்) வைத்துப் போயிருக்கிறார். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4625, அதாவது தோற்ற லாகின் முயற்சி, கொட்டுகிறது. அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று யாரோ பெயர் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். முதலாளியோ, "இத்தனை வருஷம் ஒன்னும் ஆகலையே தம்பி" என்கிறார். போர்ட் எண்ணை மட்டும் மாற்றிவிடட்டுமா?

ரேக்ரூம்: போதாது. சத்தம் குறையும், அவ்வளவுதான். எல்லா போர்ட்டையும் துழாவுகிறவன் எப்படியும் கண்டுபிடிப்பான். அந்த ஃபார்வர்டிங்கை இன்றைக்கே எடுங்கள். ஆடிட்டர் உள்ளே வர வயர்கார்டு விபிஎன் (சாவி வைத்திருப்பவர் மட்டும் நுழையும் மறைகுறியீட்டுப் பாதை) போதும். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. அப்புறம், 2012 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2023 அக்டோபர் 10-ஓடு முடிந்துவிட்டது. முதலாளியிடம், உலகெங்கும் கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை ரேன்சம்வேரைச் சொல்லுங்கள்: ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச்சிலேயே வந்தது, அடி விழுந்தது மே மாதம்.

இரவுஷிப்ட்: 4625 தோற்றவர்களின் பட்டியல். ஜெயித்தவன் 4624-இல் இருப்பான். லாகான் டைப் 10-ஐ (ரிமோட் டெஸ்க்டாப் வழி நுழைவு) வடிகட்டி, ராத்திரி நேரத்து ஐபிகளைப் பாருங்கள். பேக்கப் டிரைவ் சர்வரிலேயே செருகிக் கிடக்கிறதா? ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பனியன்நகர்: ஃபார்வர்டிங் எடுத்தாச்சு. டிரைவ் செருகித்தான் கிடந்தது, கழற்றிவிட்டேன். 4624-இல் இதுவரை ஆடிட்டர் ஐபி மட்டும்தான். ஆனால் லாக் போன வாரத்துக்கு முன்னால் போகவில்லை. அதன் அளவை எங்கே கூட்டுவது?