பிறருக்குக் கிடைக்கும் இரக்கம் நமக்கு ஏன் கசக்கிறது? வேதபாடத்துக்கு யோசனை வேண்டும்

வாசகி27:
வேதபாடக் குழுவில் எனக்கு 60 நிமிடம் தந்திருக்கிறார்கள். யோனா 4, மத்தேயு 20-ல் வரும் திராட்சத்தோட்ட வேலையாட்கள், லூக்கா 15-ல் வரும் மூத்த குமாரன் ஆகிய மூன்றையும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். "பொறாமைப்படாதே" என்று சொல்லி முடித்தால் யார் மனதிலும் ஏறாது. எதில் தொடங்குவது? எங்கே தடுமாறும்?

ஏடும்எழுத்தும்:
மூன்றும் வேண்டாம் சகோதரி, நேரம் போதாது. மத்தேயு 20-ல் 35 நிமிடம், மீதியை யோனாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்தேயுவில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், மனக்கசப்புக்குள் இருக்கும் கணக்கு அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

வேலைக்கு எடுத்த நேரங்களைப் பலகையில் எழுதுங்கள்: விடியற்காலை, மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி. நம் கடிகாரத்தில் சுமார் காலை 6, 9, பகல் 12, மாலை 3, 5. ஒரு பணம் என்று கூலி பேசி வந்தது முதல் கூட்டம் மட்டுமே.

பிறகு 8-ம் வசனத்தில் நிறுத்துங்கள். பிந்தி வந்தவர்களில் தொடங்கிக் கூலி கொடுக்கச் சொல்கிறார் எஜமான்; எல்லாருக்கும் அதே ஒரு பணம். இங்கே ஒரே ஒரு கேள்வி: "முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் முறுமுறுப்பு வந்திருக்குமா?" கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லாமல் இருங்கள். பேசிய பணம் கைக்கு வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்தவன் கையைப் பார்த்த பிறகுதான் தன் கையில் இருப்பது குறைவாகத் தெரிந்தது. 12-ம் வசனத்தில் அவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். "குறைத்துக் கொடுத்தீரே" என்று ஒரு சொல் இல்லை. "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்பதுதான் புகார்.

பெரும்பாலும் தடம் மாறுவது இங்கேதான். யாராவது "முதலாளி செய்தது அநியாயம்தானே" என்பார், பேச்சு கூலிப் பிரச்சினைக்குப் போய்விடும். அப்போது உபாகமம் 24:15-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான். ஒரு பணம் ஒரு நாள் கூலி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வைத்து ஒரு குடும்பம் அன்று என்ன சாப்பிடும்? மாலை 5 மணிவரை நின்றவர்கள் சோம்பேறிகளும் அல்ல. ஒருவரும் வேலை கொடுக்கவில்லை என்பதுதான் அவர்கள் பதில்.

சொல்லாய்வு:
மேலே சொன்னதோடு ஒன்று. 15-ம் வசனத்தில் "வன்கண்ணன்" என்று வருவதைச் சிலர் கண்திருஷ்டி என்று விளக்கிவிடுகிறார்கள். கிரேக்கத்தில் "உன் கண் பொல்லாததாய் இருக்கிறதா" என்றுதான் இருக்கிறது, ஆனால் பொருள் வேறு. உபாகமம் 15:9-ல் கடன்களை விட்டுவிட வேண்டிய விடுதலை வருஷம் நெருங்குகிறதென்று ஏழைச் சகோதரனுக்குக் கொடுக்க மறுப்பவனைச் சொல்லும்போதும் இதே வன்கண்தான் வருகிறது. கொடுக்க மனமில்லாத பார்வை. திராட்சத்தோட்டத்தில் அது இன்னும் ஒரு படி மேலே போகிறது: தன் பணமே இல்லை, இன்னொருவர் தம் பணத்தைக் கொடுப்பதைக்கூடச் சகிக்க முடியவில்லை.

நேரம் மிஞ்சினால் லூக்கா 15:30-ஐயும் 32-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பியை மூத்தவன் தகப்பனிடம் "உம்முடைய குமாரன்" என்கிறான். தகப்பன் "உன் சகோதரன்" என்று திருப்பித் தருகிறார். இதற்கு இரண்டு நிமிடம் போதும், விளக்கமே தேவைப்படாது.

வாசகி27:
இருவருக்கும் நன்றி. ஆனால் குழுவில் உண்மையாகவே அநியாயம் அனுபவித்தவர்கள் உண்டு. "எனக்குத் தீங்கு செய்தவனைக் கடவுள் மன்னித்தால் என் நியாயம் என்ன ஆவது?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார்.

கரையோரம்:
அவரைத் திராட்சத்தோட்டத்து வேலையாளோடு சேர்த்துவிடாதீர்கள், அது கொடுமை. வேலையாளுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. யோனாவின் நிலைமை வேறு. நினிவே அசீரியரின் நகரம்; அது மனந்திரும்பியதும் கடவுள் அதை அழிக்காமல் விட்டதுதான் யோனாவுக்கு எரிச்சல். 2 இராஜாக்கள் 14:25-ன்படி யோனா இஸ்ரவேலின் ராஜா இரண்டாம் யெரொபெயாம் காலத்தவர். அதன்பின் சில பத்தாண்டுகளிலேயே, கி.மு. 722-ஐ ஒட்டி, அசீரியர் கையில் இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது. அந்தக் கோபத்தை அற்பம் என்று தள்ள முடியாது. கடவுளும் தள்ளவில்லை. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்கிறார், பதில் வராதபோதும் விட்டுப் போகவில்லை.

ஆமணக்குச் செடியில் நிதானமாக நில்லுங்கள். அந்தப் புத்தகம் முழுவதிலும் யோனா சந்தோஷப்பட்டதாக எழுதியிருப்பது 4:6-ல் மட்டும், ஒரு செடியின் நிழலுக்காக. மறுநாள் விடியலில் பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது, வெயில் தலையில் சுடுகிறது, சாகவேண்டும் என்கிறான். மீனின் வயிற்றிலிருந்து தன்னைக் காப்பாற்றிய இரக்கமும் நினிவேக்குக் கிடைத்த இரக்கமும் ஒன்றுதான் என்பது அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

நியாயம் பற்றிய கேள்விக்கு லூக்கா 19-ஐக் கையில் வைத்திருங்கள். இயேசு வரி வசூலிப்பவனான சகேயு வீட்டுக்குப் போனபோதும் ஜனங்கள் முறுமுறுத்தார்கள். சகேயுவோ அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். இரக்கம் கிடைத்ததால் கடன் தள்ளுபடி ஆகிவிடவில்லை, இழந்தவர்களுக்குப் பணம் திரும்புகிறது. கேட்பவரிடம் "நீங்கள் மன்னித்துவிடுங்கள்" என்று அன்றைக்கே வற்புறுத்தாதீர்கள்.

முடிக்கும்போது யோனா 4:11-ஐ வாசியுங்கள். லட்சத்து இருபதினாயிரம் பேருக்காகக் கடவுள் கேட்கும் கேள்வியோடு புத்தகம் நின்றுவிடுகிறது, யோனாவின் பதில் இல்லை. முடிவு ஜெபத்தில் அந்தப் பதிலை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.